பட்டியலில் பிறக்கும் சண்டை

கழகங்களின் வருடாந்தப் பொதுக்கூட்டங்கள் ஏன் குழம்புகின்றன?

கிண்ணியாவில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் எப்படித் தொடங்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை அசர் தொழுகை முடிந்து ஆட்கள் வரத் தொடங்குவார்கள். பாடசாலை மண்டபமோ வாசிகசாலையோ கிடைக்காவிட்டால் யாராவது ஒருவரின் வீட்டு முற்றத்தில் வாடகைக் கதிரை போடப்படும். ஒரு சின்னப் பொடியன் கிராஅத் ஓதுவான். தலைவர் வரவேற்பார். செயலாளர் சீ.ஆர். கொப்பியைத் திறந்து கடந்த கூட்டறிக்கையை வாசிப்பார். அதுவரைக்கும் எல்லாம் மரியாதையாகவே நடக்கும். "அறிக்கைய யாராவது ஆமோதிங்க" என்று செயலாளர் கேட்டதும் பின்வரிசையில் ஒரு குரல் எழும்பும்.

"அதுக்கு முந்தி ஒரு கேள்வி காக்கா. இங்க இருக்கிற எல்லாரும் மெம்பரா?"

அந்தக் கேள்வியோடு கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். மூன்று வருடமாகச் சந்தா கட்டாதவருக்கு வாக்கு உண்டா? கட்டாரில் வேலை செய்து லீவில் வந்திருப்பவர் அங்கத்தவரா? போன கிழமை ஒருவரே முன்னின்று இருபது பேருக்குச் சந்தா கட்டி ரசீது வாங்கியிருக்கிறாரே, அந்த இருபது பேரும் இன்று கை உயர்த்தலாமா? செயலாளர் பெயர்ப் பட்டியலைத் தேடுவார். கொப்பியின் நடுவில் மடித்து வைத்த ஒரு தாள் வெளியே வரும். அதில் சில பெயர்கள் பேனையால் வெட்டப்பட்டிருக்கும். சில பெயர்கள் ஓரத்தில் பென்சிலால் சேர்க்கப்பட்டிருக்கும். யார் வெட்டியது, எப்போது சேர்த்தது என்று எழுதி இராது. கணக்கறிக்கை பொருளாளரின் பைலுக்குள்ளேயே தங்கிவிடும். மஃரிப் பாங்கு சொல்லும் நேரம் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரே கழகத்தின் பெயரில் இரண்டு நிர்வாகம், இரண்டு கடிதத் தலைப்பு, இரண்டு றப்பர் முத்திரை.

இதை ஊரின் குணம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். "எங்கட ஆக்களுக்கு ஒற்றுமை இல்ல" என்று நாமே நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறோம். நான் அதை ஏற்கவில்லை. கோபமும் பதவி ஆசையும் எல்லா ஊரிலும் உண்டு. அவை கூட்டத்தை உடைக்குமா உடைக்காதா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று. சண்டை கூட்டத்தில் வெடிக்கிறது. ஆனால் அது பிறப்பது பல மாதங்களுக்கு முன்னால், யாரும் கவனிக்காமல் விட்ட அங்கத்தவர் பட்டியலில், அனுப்பப்படாத அறிவித்தலில், யாரும் வாசிக்காத யாப்பில். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஒரு கழகத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை?

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது வியப்பாக இருக்கலாம். மாதம் சில நூறு ரூபாய் சந்தா, ஒரு வலை, இரண்டு பந்து, நான்கு கோப்பை. இதற்கா சண்டை?

கிண்ணியாவில் கழகம் என்பது பந்தோடு முடிகிற காரியம் இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்து வைத்தியசாலையையே அழித்துச் சென்றபோது, உதவி வந்து சேருமுன் ஓடித் திரிந்தவர்கள் ஊர் இளைஞர்கள். 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்த அன்றும் அப்படித்தான். ஜனாஸா என்றாலும் வெள்ளம் என்றாலும் இரத்ததானம் என்றாலும் முதலில் திரள்வது இந்தப் பொடியன்மார்தான். அவர்களை ஒரு பெயரின் கீழ் வைத்திருப்பது கழகம். அதனால் கழகத் தலைவர் என்ற பெயருக்கு ஊரில் ஒரு கனம் உண்டு.

வேறு கனமும் உண்டு. பதிவுசெய்த கழகத்தின் கடிதத் தலைப்பில் தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டால்தான் விளையாட்டு உபகரணம் கிடைக்கும், மைதானத்தைத் திருத்த நிதி கேட்கலாம், வங்கிக் கணக்கில் இருந்து பணம் எடுக்கலாம். தேர்தல் காலத்தில் அரசியல்வாதிகள் தேடி வருவதும் அந்தக் கையொப்பக்காரரைத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, கழகத்துக்குக் கால்பந்தாட்ட லீக்கில் வாக்கு உண்டு; லீக்குக்குக் கொழும்பில் உள்ள தேசிய சம்மேளனத்தில் வாக்கு உண்டு. 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, திருகோணமலைக்குப் போய் ஒரு ஆட்டம் ஆடவே மிதப்புப் பாதையில் ஏறிக் கடக்க வேண்டியிருந்த ஊர் இது. ஆனால் வாடகைக் கதிரையில் நடக்கும் அந்தக் கூட்டத்தில் உயர்த்தப்படும் கை, படிப்படியாகக் கொழும்பு வரை போய்ச் சேருகிறது. அங்கே நடப்பதும் அதே படியால் நம்மிடம் இறங்கி வருகிறது. 2023இல் அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஒரு தேர்தலும் ஏழு மாதத் தடையும்

2023 ஜனவரி 14ஆம் திகதி இலங்கைக் கால்பந்தாட்ட சம்மேளனத்தின் தேர்தல் நடந்தது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும், தொலைக்காட்சி வழியாகத் தமிழ் நேயர்களுக்கு நன்கு தெரிந்தவருமான ஜே. ஸ்ரீரங்கா தலைவராகத் தெரிவானார். ஒரு வாரம்தான் கடந்தது. ஜனவரி 21ஆம் திகதியில் இருந்து உலகக் கால்பந்தாட்டச் சம்மேளனமான பீபா இலங்கையை இடைநிறுத்தியது. காரணம், சம்மேளனத்தின் உள் விவகாரத்தில் மூன்றாம் தரப்பு தலையிட்டது என்பது. அந்த மூன்றாம் தரப்பு நமது அரசாங்கம்.

இழுபறியின் மையம் எளிமையானது: எந்த விதியின்படி தேர்தல்? சம்மேளனத்தின் யாப்பின்படியா, விளையாட்டுத்துறை அமைச்சின் ஒழுங்குவிதியின்படியா? 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் தேசிய சங்கங்களைப் பதிவுசெய்யவும், அந்தப் பதிவை இடைநிறுத்தவும், இரத்துச் செய்யவும் அமைச்சருக்கு அதிகாரம் கொடுக்கிறது. நாட்டின் பெயரில் ஒரு அணி வெளிநாடு போவதற்கும் அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். மறுபக்கம் பீபாவின் யாப்பு, அங்கத்துவச் சங்கம் ஒவ்வொன்றும் வெளியார் தலையீடின்றித் தன் காரியத்தைத் தானே நடத்த வேண்டும் என்கிறது. 1952இல் பீபாவில் சேர்ந்த நாடு நாம். அதனால் அதன் யாப்புக்கும் கட்டுப்பட்டிருக்கிறோம். இரண்டு விதிப் புத்தகத்தையும் முன்கூட்டியே அருகருகே வைத்துப் பொருத்திப் பார்த்திருக்க வேண்டும். தேர்தல் நாள் வரை அது நடக்கவில்லை.

தடை என்றால் என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தேசிய அணி எந்தச் சர்வதேசப் போட்டியிலும் ஆட முடியாது. கழக அணிகளும் முடியாது. பீபாவும் ஆசியக் கால்பந்தாட்டக் கூட்டமைப்பும் நடத்தும் பயிற்சி, பாடநெறி, அபிவிருத்தித் திட்டம் எதிலும் நம்மவர் பங்கெடுக்க முடியாது. அந்த வருடம் ஜூன் 21 முதல் ஜூலை 4 வரை பெங்களூரில் தெற்காசியச் சம்பியன்ஷிப் நடந்தது. தெற்காசியாவுக்கு வெளியில் இருந்து குவைத்தையும் லெபனானையும் அழைத்து ஆடினார்கள். 1995இல் அதே கிண்ணத்தை வென்ற இலங்கை வீட்டில் இருந்தது.

ஓகஸ்ட் இறுதியில் தடை நீங்கியது. செப்டெம்பர் 29இல் மீண்டும் தேர்தல். முன்னர் தலைவராக இருந்த ஜஸ்வர் உமர் திரும்பவும் தெரிவானார். இரண்டு கிழமையில் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம் வந்துவிட்டது. ஏழு மாதம் தடையில் கிடந்த அணி யேமனிடம் முதல் ஆட்டத்தில் 0–3 எனத் தோற்றது. கொழும்பில் நடந்த இரண்டாவது ஆட்டம் 1–1. அத்தோடு 2026 உலகக் கிண்ணக் கனவு முடிந்தது.

இதில் யார் பக்கம் நியாயம்? அரசாங்கத்தின் கவலையைத் தள்ளிவிட முடியாது. பொதுப் பணம் போகும் இடத்தில் கணக்குக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. சங்கத்தின் சுதந்திரம் என்ற பெயரில் ஒரே ஆட்கள் வருடக்கணக்கில் கதிரையில் இருப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனாலும் என் தீர்ப்பு இது: விதியைச் சரிசெய்ய வேண்டியது தேர்தலுக்கு முன்னர், பொதுக்கூட்டத்தில், அங்கத்தவரின் வாக்கால். போட்டி தொடங்கிய பிறகு மேலிருந்து விதியை மாற்றினால், மாற்றிய விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தோற்றவர் அதை ஏற்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

விலை கொடுத்தவர்கள் அந்தத் தேர்தல் மண்டபத்தை வாழ்நாளில் கண்டிராத பிள்ளைகள். கிண்ணியா எழிலரங்கு மைதானத்தில் பின்னேரம் பந்தடிக்கும் ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு, தேசிய வயதுப் பிரிவு அணியில் ஒரு வருடம் போனால் அந்த வருடம் திரும்பி வராது. அடுத்த வருடம் அவன் வயது அந்தப் பிரிவைத் தாண்டிவிடும்.

அயலில் இந்தியாவிலும் இதே கதை, இன்னும் குறுகிய காலத்தில். அகில இந்தியக் கால்பந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவர் பிரபுல் படேலின் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிர்வாகிகள் குழு ஒன்றை நியமித்தது. ஓகஸ்ட் 15ஆம் திகதி பீபா தடை விதித்தது. அந்த நேரம் கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்தது. காலணியைக்கூடக் கட்டாமல் அவர்கள் திரும்பி வர வேண்டியதாயிற்று. தடை அந்த மாத இறுதிக்குள் நீங்கியது. அவர்கள் ஆட வேண்டிய ஆட்டம் போனது போனதுதான்.

கிரிக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 நவம்பர் 2இல் மும்பையில் 55 ஓட்டத்துக்குச் சுருண்டோம். நவம்பர் 6இல் அமைச்சர் கிரிக்கெட் நிர்வாகத்தைக் கலைத்தார். மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. 10ஆம் திகதி ஐசிசி இலங்கையை இடைநிறுத்தியது. இங்கே நடக்க இருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. 2024 ஜனவரி 28இல்தான் அந்த இடைநிறுத்தம் நீங்கியது. அந்தக் கிரிக்கெட் சபையில் 147 வாக்குகள் இருந்தன என்பதும், பின்னர் வந்த யாப்புத் திருத்தம் அதை 60 ஆகக் குறைத்தது என்பதும் பலருக்குத் தெரியாது. ஆடாத கழகத்துக்கும் வாக்கு இருந்தால் வாக்கு விலைப்படும் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக இருந்தது. அதுவும் பட்டியல் பிரச்சினைதான்.

61 பெயர்கள்

பட்டியல் ஒரு கூட்டத்தை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆகப் பெரிய உதாரணம் சென்னையில் நடந்தது. தென்னிந்திய நடிகர் சங்கத்தின் 2019 தேர்தல். நாசர், விஷால், கார்த்தி அணி ஒரு பக்கம். பாக்யராஜ், ஐசரி கணேஷ் அணி மறுபக்கம். சங்கத்தின் அங்கத்தவர் 61 பேர் தங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லை என்று சங்கங்களின் பதிவாளரிடம் முறையிட்டார்கள். பதிவாளர் தேர்தலை நிறுத்தச் சொன்னார். விவகாரம் உயர் நீதிமன்றம் போனது. வாக்களிக்கலாம், எண்ணக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியது. ஜூன் 23இல் நட்சத்திரங்கள் எல்லாம் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். பெட்டிகள் பூட்டி முத்திரையிடப்பட்டன. 2020 ஜனவரியில் தனி நீதிபதி தேர்தலையே செல்லாது என்றார். 2022 பெப்ரவரியில் மேன்முறையீட்டில் செல்லும் என்றார்கள். பெட்டி திறந்து எண்ணப்பட்டது 2022 மார்ச் 20இல்.

போட்ட வாக்கு எண்ணப்பட இரண்டு வருடம் ஒன்பது மாதம். கோடிகளில் சம்பளம் வாங்குவோரும் கைதேர்ந்த வழக்கறிஞர்களும் இருந்த சங்கத்துக்கே இந்தக் கதி. காரணம், தேர்தல் அறிவிப்பதற்கு முன்பே தீர்த்திருக்க வேண்டிய ஒரு கேள்வி: யார் அங்கத்தவர்?

எனக்குத் தெரிந்தவரை இதற்கு மருந்து மிகச் சாதாரணமானது. கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னால் அங்கத்தவர் பட்டியலைக் கழகத்தின் கதவிலோ வாசிகசாலையின் பலகையிலோ ஒட்டிவிட வேண்டும். ஆட்சேபனை இருந்தால் இத்தனை நாளுக்குள் எழுத்தில் தரலாம் என்று கீழே எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் இத்தனை மாதம் கழித்தே வாக்களிக்கலாம் என்று யாப்பில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால், கூட்டத்துக்கு முந்திய கிழமை இருபது பேருக்குச் சந்தா கட்டும் வேலை தானாக நின்றுவிடும்.

யார் கூட்டியது, எதற்குக் கூட்டியது

அடுத்தது அறிவித்தல். பெரும்பாலான கழக யாப்புகளில் 14 நாள் அல்லது 21 நாள் முன்னறிவித்தல் என்று இருக்கும். நடைமுறையில் முதல் நாள் இரவு வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வரும். "நாளைக்குப் பின்னேரம் எல்லாரும் வாங்க, முக்கியமான விசயம்." எது முக்கியமான விடயம் என்று அதில் இராது. கூட்டத்துக்கு வந்த பிறகுதான் யாப்பைத் திருத்தப் போகிறார்கள் என்பது தெரியும்.

நிகழ்ச்சிநிரல் என்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் 2022 ஜூன் 23 அன்று வானகரத்தில் நடந்த அ.தி.மு.க. பொதுக்குழுவை நினைத்துப் பார்க்கலாம். அது கழகம் அல்ல, பெரிய கட்சி. ஆனால் கூட்டச் சட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கூட்டத்துக்கு முந்திய இரவு நீதிபதிகள் வழக்கைக் கேட்டு, விடியும் முன்னே உத்தரவு கொடுத்தார்கள்: ஏற்கனவே குறித்த 23 தீர்மானங்களைத் தவிர வேறெதையும் அங்கே முடிவுசெய்யக் கூடாது. மேடையில் அந்த 23உம் நிராகரிக்கப்பட்டன. கட்சியின் ஒருங்கிணைப்பாளர் ஓ. பன்னீர்செல்வம் வெளியேறும்போது அவர் மீது தண்ணீர்ப் போத்தல் வீசப்பட்டது. ஜூலை 11இல் அடுத்த பொதுக்குழு. அதைக் கூட்டியவருக்குக் கூட்டும் அதிகாரம் இருந்ததா என்பதே அடுத்த ஏழு மாதத்துக்கும் மேலாக வழக்கு. ஓகஸ்ட் 17இல் தனி நீதிபதி அது செல்லாது என்றார். செப்டெம்பர் 2இல் இரு நீதிபதிகள் செல்லும் என்றார்கள். 2023 பெப்ரவரி 23இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று முடித்துவைத்தது.

ஒரு கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் யாருக்கு, எதைப் பேசக் கூட்டப்பட்டது என்ற இரண்டும் எழுத்தில் தெளிவாக இருந்தால் இவ்வளவு நீதிமன்ற நேரம் எதற்கு?

தலைமை தாங்குபவர்

இனி நடத்தை. கூட்டத்தில் ஆள் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைத்த புத்தகங்களில் உலகப் புகழ் பெற்றது ஹென்றி மார்ட்டின் றொபேர்ட் எழுதியது. அவர் அமெரிக்க இராணுவத்தில் பொறியியலாளர். 1863இல் நியூ பெட்போர்ட் என்ற ஊரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். அவருக்கு முறை எதுவும் தெரியாது. கூட்டம் குழம்பி அவமானப்பட்டுத் திரும்பினார். அதன்பின் பல வருடம் படித்துச் சேகரித்து 1876இல் நூலை வெளியிட்டார். அதன் சாரம் சின்னது: ஒரு நேரத்தில் ஒரு விடயம், ஒரு நேரத்தில் ஒருவர், பேச்சு எல்லாம் தலைமையை நோக்கி, ஆளைத் தாக்காமல் விடயத்தைப் பேசுவது.

நம்முடைய கூட்டங்களில் ஆகப் பெரிய தவறு தலைமையில்தான் நடக்கிறது. பதவிக்குத் திரும்பப் போட்டியிடும் தலைவரே அந்தத் தேர்தலுக்கும் தலைமை தாங்குகிறார். யார் பேசலாம், எந்தக் கை எண்ணப்படும் என்பதை அவரே தீர்மானிக்கிறார். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தோற்ற பக்கம் நம்பாது. நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல பழக்கம் ஏற்கனவே உண்டு. நிர்வாகத் தெரிவு வந்ததும் பழைய நிர்வாகம் கலைந்து முன்வரிசையில் போய் இருக்கும். ஒரு அதிபரையோ மௌலவியையோ ஓய்வுபெற்ற உத்தியோகத்தரையோ தற்காலிகத் தலைவராக அமர்த்துவார்கள். அந்தப் பழக்கத்தை இப்போது பல இடத்தில் கைவிட்டுவிட்டார்கள். அது திரும்பி வர வேண்டும். யாப்பிலும் ஏற வேண்டும்.

கை உயர்த்திச் செய்யும் வாக்கெடுப்பும் நம் ஊருக்குப் பொருந்தாது. படிப்பித்த சேர் ஒருவர் போட்டியிடும்போது அவருடைய மாணவன் எப்படி எதிரே கை உயர்த்துவான்? தாய்மாமன் முன்வரிசையில் இருக்கும்போது மருமகன் என்ன செய்வான்? அப்படியான கூட்டத்தில் எல்லாரும் சம்மதம் என்று கொப்பியில் ஏறும். சம்மதிக்காதவன் வாசலைத் தாண்டியதும் பேசத் தொடங்குவான். கொப்பித் தாளைச் சதுரமாக வெட்டி ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டாலே இரகசிய வாக்கெடுப்பு ஆகிவிடும். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரம் ஒரு வருடக் கதையை மிச்சப்படுத்தும்.

பொருளாளரைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்குக் கேட்பது வேறு, ஒருவரைக் கள்ளன் என்பது வேறு. கணக்காய்வாளர் கூட்டத்துக்கு முன்னரே ரசீதுகளைப் பார்த்துக் கையொப்பமிட்டு, பிரதிகள் எல்லோர் கையிலும் இருந்தால், கேள்வி ரசீதைப் பற்றி இருக்கும். எதுவும் காட்டாமல் வாயால் மட்டும் தொகையை வாசித்தால், கேள்வி ஆளைப் பற்றித்தான் வரும். பாதி அடிதடி இங்கேதான் தொடங்குகிறது. கைத்தொலைபேசியில் நேரலை போடுவது வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். மண்டபத்துக்குள் சொன்ன கடும் சொல் முன்பெல்லாம் மண்டபத்துக்குள்ளேயே ஆறிப்போகும். இப்போது அது சவூதியிலும் கட்டாரிலும் இருக்கும் உறவினர் வரை போய், அங்கிருந்து சண்டை திரும்பி வருகிறது. கூட்டத்தைப் பதிவுசெய்யலாமா என்பதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே வாக்குக்கு விட்டுத் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

தோற்ற பக்கம் விதியை மதித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. லண்டனில் 1787இல் தொடங்கிய எம்.சி.சி. என்ற மெரில்போன் கிரிக்கெட் கழகம் 200 வருடத்துக்கு மேல் பெண்களை அங்கத்தவராக ஏற்கவில்லை. 1998 பெப்ரவரியில் வாக்கெடுப்பு நடந்தது. பாதிக்கு மேற்பட்டோர் பெண்களைச் சேர்க்கலாம் என்றார்கள். ஆனால் யாப்பைத் திருத்த மூன்றில் இரண்டு வேண்டும். தீர்மானம் தோற்றது. பெரும்பான்மை நம்மிடம்தானே என்று யாரும் கழகத்தை உடைக்கவில்லை. ஊர் ஊராக எழுதி, அங்கத்தவர்களோடு பேசி, அதே வருடம் செப்டெம்பரில் மீண்டும் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏறக்குறைய 70 வீதம் ஆதரவு கிடைத்தது. நமது கழகங்களின் பட்டியலில் பெண்களின் பெயர் எத்தனை இருக்கிறது என்ற கேள்வியையும் நாம் ஒரு நாள் கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும். பாடசாலை மட்டத்தில் ஓடிப் பரிசு வாங்கும் பிள்ளைகள் பாடசாலை முடிந்ததும் எங்கே போகிறார்கள்?

குழுவில் இருந்து நீக்குவது

ஆகக் கவலையான விடயம் அங்கத்தவரை நீக்குவது. பொதுக்கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவரை அடுத்த நாள் வட்ஸ்அப் குழுவில் இருந்து எடுத்துவிடுகிறார்கள். அதுவே நீக்கம் என்று ஆகிவிடுகிறது. கடிதம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை, விளக்கம் கேட்கவில்லை. பொதுச் சட்டம் இதை ஏற்காது. ஒரு சங்கம் அங்கத்தவரை நீக்க வேண்டுமானால் யாப்பில் அதற்கு அதிகாரம் இருக்க வேண்டும், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், பதில் சொல்லக் கால அவகாசம் கொடுக்க வேண்டும், குற்றம் சாட்டியவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது. இயற்கை நீதி என்று நீதிமன்றங்கள் சொல்வது இதைத்தான். இருபது வருடம் ஒரு கழகத்துக்காக ஓடியவரை ஒரு விரல் தட்டலில் வெளியேற்றுவது அநியாயம். அவர் எவ்வளவு சத்தமாகப் பேசியிருந்தாலும் அநியாயம்தான்.

அப்படி ஒருவருக்கு நடந்தால் எங்கே போவது? பதிவுசெய்த கழகமானால் பிரதேச செயலகத்தில் உள்ள விளையாட்டு உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறையிடலாம், லீக்குக்கும் எழுதலாம். பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவு என்றால் 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் கீழ் வக்பு சபை இருக்கிறது. கூட்டுறவுச் சங்கம் என்றால் கூட்டுறவுத் திணைக்களம். தனிப்பட்ட தகராறாக வளர்ந்துவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம். நீதிமன்றம் கடைசி. இந்த இடங்களில் எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது மூன்று தாள்கள்: யாப்பு, அங்கத்தவர் பட்டியல், கூட்டறிக்கை. அவை இல்லாதவரிடம் நியாயம் இருந்தாலும் காட்ட ஒன்றும் இராது.

கிண்ணியாவின் கழக நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்துக்குத் திகதி குறிக்குமுன் யாப்பை எடுத்து ஒரு தடவை முழுமையாக வாசியுங்கள். அங்கத்தவர் பட்டியலைச் சுத்தமாக எழுதி, திகதி போட்டு, எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டுங்கள். கணக்கறிக்கையைப் பிரதியெடுத்துக் கூட்டத்துக்கு முன்னரே கொடுங்கள். அங்கத்தவர்களே, உங்கள் கழகத்தின் யாப்பின் ஒரு பிரதி உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் செயலாளரிடம் கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. தருவது அவர் கடமை.